சிபி ஐம்பத்தெட்டு

மார்ச் முப்பத்தொன்றுக்குள் கொடுத்தாக வேண்டும்.
ஐயாயிரம் வெள்ளிக்கு மேல் கமிஷன் வாங்கிய
ஒவ்வொரு ஏஜெண்டுக்கும் ஒரு பாரம்.
பெயர், அடையாள அட்டை எண், வரி எண்,
ஆண்டு முழுக்கக் கொடுத்த தொகை.
ஒன்று அவர்களுக்கு.
ஒன்று எங்கள் கோப்புக்கு, வாரியம் கேட்டால் காட்ட.

ஊத்தான் மெலிந்தாங் பெரிய சாலையில் எங்கள் உரக்கடை.
யூரியா நெடி கட்டிக்கொண்டு போகும் சோற்றிலும் ஏறும்.
பதினோரு பேருக்கு அடித்தேன்.
பத்துப் பேர் வாங்கி, நான்காய் மடித்து,
ஹெல்மெட்டுக்குள் செருகிக்கொண்டு போனார்கள்.

தண்ணிமலை படித்துவிட்டார்.

திங்கட்கிழமை, ஷட்டர் பாதி ஏறும்போதே வந்து நின்றார்.
"பசியாறியாச்சாம்மா?"
பாரத்தை மேசையில் விரித்தார்.
ஏழாயிரத்து முன்னூறின் மேல் விரல்.
நகக்கண்ணில் செம்பனை முள் கீறிய கறுப்பு.
"இது நானாம்மா?"

முதலில் சிரித்தார்.
மனைவியிடம் காட்டினாராம்.
இவ்வளவு சம்பாதிச்சிட்டு
ஃபிரிட்ஜ் தவணைக்கு என் சங்கிலிய ஏன் கேட்டே
என்றாளாம்.
அதற்கப்புறம் தூக்கம் வரவில்லையாம்.

சட்டைப்பையிலிருந்து டைரியை எடுத்தார்.
எங்கள் கடை கொடுத்த டைரிதான்,
அட்டையில் முதலாளியின் படம்.
ஜனவரி தொடங்கி சனிக்கு சனி
மூட்டை எத்தனை, கைக்கு வந்தது எவ்வளவு.
மூட்டை இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது.
என் கணக்கிலும் அதேதான்.
மூட்டைக்கு இரண்டரை வெள்ளி, என் கணக்கில்.
அவர் டைரியில் ஒரு வெள்ளி எண்பது காசு.

எழுபது காசு.
பெருக்கிப் பார்க்க மிஷினைத் தேடவில்லை.
முன்பே ஒருமுறை பெருக்கியிருக்கிறேன்.

பணத்தைத் தோட்டத்துக்குக் கொண்டுபோவது முதலாளியின் மச்சான்.
பற்றுச்சீட்டுப் புத்தகம்
வெறும் கையெழுத்துகளோடு திரும்பி வரும்.
தொகையை நிரப்புவது நான்.
நீல மை, தெளிவான எழுத்து.
எஸ்பிஎம்மில் கணக்கியலுக்கு ஏ வாங்கியவள்.

பாரத்தில் கட்டங்களுக்குக் குறைவில்லை.
ரொக்கமாகக் கொடுத்தது, பொருளாகக் கொடுத்தது,
கார், வீடு, பயணச்சீட்டு என்றுகூட உண்டு.
எங்கள் கடையில் யார் யாருக்கு வீடு கொடுத்தார்கள்.
வழியில் எடுத்துக்கொண்டது என்று
ஒரு கட்டத்தை மட்டும் காணோம்.

"வாங்காத காசுக்கு நான் வரி கட்டணுமா?"
"இத மட்டும் பார்த்தா வரியே வராதுண்ணே."
உண்மையைத்தான் சொன்னேன்.
அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே முதலாளி போனில் யாரிடமோ சிரித்தார்.
வெளியே மச்சானின் ஹைலக்ஸில் மூட்டை ஏறிக்கொண்டிருந்தது.
தண்ணிமலை குரலை உயர்த்தவில்லை.
கிளினிக்கில் எண் அழைக்கக் காத்திருப்பவர் போல
பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

எனக்கு மாதம் ஆயிரத்து எழுநூறு.
மைவி தவணை நானூற்றெண்பது.
இன்னும் ஐந்து வருடம்.

புத்தகத்தை எடுத்தேன்.
மாதத்துக்கு ஒன்றாய்ப் பன்னிரண்டு தாள்.
நகல் மிஷின் சூடேற நேரம் பிடிக்கும்.
அவ்வளவு நேரமும்
அதன் பச்சை விளக்கைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.
ஒவ்வொரு தாளிலும் கீழே அவர் கையெழுத்து,
மேலே என் எழுத்து.

வெளியாளுக்கு நகல் எடுத்தால்
தாளுக்கு இருபது காசு, தகர டப்பாவில்.
கடை விதி.
அவர் பையைத் தடவினார். வேண்டாம் என்றேன்.
என் பர்சிலிருந்து இரண்டு வெள்ளி நாற்பது காசு போட்டேன்,
சத்தம் கேட்கும்படி.

பிறகு சில்லறைக் கணக்கில் தேதி போட்டு எழுதினேன்:
நகல், பன்னிரண்டு தாள், தண்ணிமலைக்கு.
காசு கொடுத்தவர் என்ற இடத்தில்
என் முழுப் பெயர்,
அப்பா பெயரோடு,
அடையாள அட்டையில் உள்ளபடி.